தினமும் இரண்டு லிட்டர் ஆவி

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஆவி இருக்கிறது என்று முதலில் சொன்னது யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆவி இருக்கிறது என்பதில் இல்லை. தரைத்தளத்தில் விசாரித்தால் அது தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. முதல் மாடியில் ஐந்து லிட்டர். இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் ஒரு வாளி. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் அது குளிக்கவும் செய்கிறது, அதுவும் வெந்நீரில்.

வதந்திக்குக் கண், காது, மூக்கு முளைப்பது எங்கும் நடப்பதுதான். இந்த வதந்திக்கு அளவுக் குவளையும் முளைத்திருந்தது. அதுதான் உறுத்தியது. ஆவி என்றால் கதவைத் தட்டும், விளக்கை அணைக்கும், மிஞ்சிப்போனால் ஆளைப் பிடித்து ஆட்டும். கணக்காக இரண்டு லிட்டர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிற ஆவியைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே சரிபார்ப்பது என்று முடிவாயிற்று. வதந்தியைச் சரிபார்க்க அது ஏறிவந்த படிகளிலேயே இறங்கிப் போகவேண்டும். இறங்கிப் போனால் கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வாட்ச்மேன்.

"நான் பொய் சொல்லுவேனா? இந்த ரெண்டு காதால கேட்டேன்" என்றார் அவர். "வீட்டுக்குள்ள அவருக்கு சிக்னல் வராது. மாடிப்படி திருப்பத்துல நின்னுதான் பேசுவாரு. பொண்ணுகிட்ட சொல்றாரு, 'ஆவிதான்மா. தினமும் ரெண்டு லிட்டர் குடிச்சிடுது. அம்மா இருந்தப்பவும் இதே கதைதான்'னு. பொண்டாட்டி போய் முழுசா ஒரு மாசம் ஆகல. வேற யாரோட ஆவியா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

சாட்சியங்களும் வைத்திருந்தார். சாயங்காலமானால் மூன்றாம் மாடி ஜன்னலில் நீல வெளிச்சம். கதவுப் பக்கம் போனால் குபுகுபுவென்று ஒரு சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, "மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார். பயந்துபோய் இருக்காரு, அதான்."

வாட்ச்மேன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த வீட்டில் ஆவி இருந்தது. தினமும் இரண்டு லிட்டர் குடித்தது. மிச்சத்தைச் சொல்ல அந்த வீட்டுக்காரரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. எரிபொருள் கிடங்கில் அளவெடுப்பவர். வீட்டை விட உயரமான இரும்புத் தொட்டிகளின் தலையில் ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய எஃகு நாடாவை உள்ளே இறக்கி, பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. சேர்ந்த புதிதில் பெட்ரோல் பங்கில் நீளக் குச்சியை விட்டு அளந்தார். அதனால் பெயர் குச்சி. நாடா கைக்கு வந்து இருபது வருடமாகிறது, ஆளும் சின்னத் தொட்டி அளவுக்குப் பருத்துவிட்டார், பெயர் மட்டும் மெலிவாகவே இருக்கிறது. நாம் மரியாதைக்குக் குச்சியார் என்போம்.

பெட்ரோலைப் பூட்டி வைத்தாலும் குறையும். திருடன் வேண்டாம், ஓட்டை வேண்டாம், வெயில் போதும். அதற்கென்று பங்கிலும் கிடங்கிலும் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. கட்டத்தின் தலைப்பு: ஆவிச் சேதம். குறைந்ததை அதில் எழுதிவிட்டால் மேலதிகாரி கேள்வி கேட்கமாட்டார். முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டத்தை நிரப்பிய பழக்கம், வீட்டிலும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது டப்பாவில் பிஸ்கட் குறைந்தால் குச்சியார் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஆவிச் சேதம்" என்று தீர்ப்புச் சொல்வார். உதட்டில் தூளோடு மகள் தலையாட்டுவாள். அவர் அடித்த ஒரே நகைச்சுவை அதுதான். அதையே இருபத்தைந்து வருடம் வைத்து ஓட்டினார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். சீட்டு ஒட்டாத குப்பியை நம்பாதவர். வீட்டில் சர்க்கரை டப்பா, மாத்திரைப் பெட்டி, மின்விளக்குப் பொத்தான் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இருநூறு லிட்டர்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார் குச்சியார்.

"உங்ககிட்ட லட்சக்கணக்குல லிட்டர் இருக்கு. எனக்கு இருநூறு போதும்" என்றார் மனைவி. பேச்சு அதோடு முடிந்தது.

தொட்டியில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. பெரியது பெண், பெயர் மேடம். அதன் வால் பக்கமே சுற்றிச்சுற்றி வரும் சின்னது ஆண். அதன் பெயர் குச்சி. அதைக் கேட்டு அப்பா சிரித்தார் என்று மகள் சொல்கிறாள். அப்பாவுக்கு நினைவில்லை. மீன்களின் செதிலைச் சுத்தம் செய்து கொடுக்கும் சிவப்புக் கோட்டு இறால் ஒன்று, பெயர் டாக்டர். பாறையில் விரல்விரலாக நீட்டிக்கொண்டு ஆடும் பவளம் ஒன்று, அதற்குப் பெயரில்லை. பவளத்துக்கு ஒரு நீல விளக்கு, தண்ணீரைக் குமிழ்விட்டுச் சுழற்ற ஒரு மோட்டார், தண்ணீர் சூடாகாமல் இருக்க மேலே ஒரு சின்ன மின்விசிறி. கண்ணாடியில் ஒரு விரல் நீளத்துக்கு நீல நாடா ஒட்டியிருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கவேண்டும். காலையில் குச்சியார் எழுந்திருக்கும்போது அது கோட்டில்தான் நிற்கும். எப்படி நிற்கிறது என்று அவர் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த மனைவி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

குச்சியார் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நாற்காலி போதாதபோது பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவந்தார். எல்லாம் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார். எட்டு நாள் விடுப்புக்குப் பிறகு கிடங்குக்குப் போனார். எப்படி இருக்கீங்க என்று கேட்டவர்களிடம் இருக்கேன் என்றார். டீயில் சர்க்கரை போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போட்டார். இனிப்பு அதிகம் என்பது பாதி டம்ளர் காலியான பிறகு, யாரோ சொல்லி அனுப்பிய தகவல் மாதிரி வந்து சேர்ந்தது.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "அப்பா, அம்மாவோட நகை, துணிமணி எதுவும் எனக்கு இப்ப வேண்டாம். தொட்டிய மட்டும் எடுத்துக்கறேன். ஆறு வாரத்துல வண்டி வெச்சுக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் பாத்துக்குவீங்களா?"

"என்ன பாக்கணும்?"

"அந்தக் கோடு வரைக்கும் தண்ணி இருக்கணும். அம்மா தினம் காலைல ஊத்துவாங்க. ஒரு சிட்டிகை தீனி. அவ்வளவுதான்."

மகளைக் குற்றம் சொல்ல முடியாது. வீடு நிறைய ஆட்கள், வாசலில் வண்டி, கையில் பை. ஆனால் உலகத்தில் பல காரியங்கள் கெட்டது அந்த அவ்வளவுதான் என்ற சொல்லால்தான்.

குச்சியாருக்கு இது புரிகிற பாஷையாக இருந்தது. ஒரு தொட்டி, ஒரு கோடு, ஒப்படைக்கவேண்டிய தேதி. கிடங்கில் அவர் கைமாற்றிய தொட்டி எதுவும் பேச்சுக்கு இடம் வைத்ததில்லை. இதையும் அப்படியே, கோடு வரைக்கும், உள்ளே இருப்பதெல்லாம் உயிரோடு, மகள் கையில் கொடுத்துவிடவேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று அவர் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு நாலரை மில்லிமீட்டர் கீழே நின்றது. கணக்குப் போட்டார். இரண்டு லிட்டர். இருநூறில் இரண்டு. நூற்றுக்கு ஒன்று, அதுவும் ஒரே நாளில்! கிடங்கில் இப்படிக் குறைந்தால் போலீஸ் வந்துவிடும். ஓட்டை என்று சந்தேகப்பட்டுத் தொட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தார். மறுநாள் தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. எடுத்துப் படித்தார். தண்ணீர் இன்னும் இரண்டு லிட்டர் இறங்கியிருந்தது.

அடுத்து, மேலே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து மூடினார். ஆவி அடங்கியது, சூடு ஏறியது. மேடமும் குச்சியும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பலகையை எடுத்துவிட்டு மறுபடி விசிறியைப் போட்டார். விசிறி சுழன்றால் தண்ணீர் குளிரும், குளிர்ந்தால் குறையும். தடுக்க முடியாது, ஈடுகட்டத்தான் முடியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அன்றுதான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று மகளிடம் ஆவிச் சேதத்தைப் பற்றிச் சொன்னார். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு காதுகள் இருந்தன.

இனி, ஈடுகட்டிய கதை.

சமையலறை மூலையில் மூடிபோட்ட இருபது லிட்டர் வாளிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் மேல் மனைவியின் கையெழுத்தில் கடல் என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் மழை. குச்சியார் இரண்டையும் பார்த்தார். மீன் எதில் வாழ்கிறது? கடலில். குறைந்தது எது? கடல். பெட்ரோல் குறைந்தால் பெட்ரோல் ஊற்றுவோமா, டீசல் ஊற்றுவோமா? முப்பத்தொரு வருட அனுபவசாலிக்கு இதில் இரண்டாவது யோசனைக்கு இடமேயில்லை. கடல் வாளியிலிருந்து இரண்டு லிட்டர் மொண்டு, சிந்தாமல், கோடு வரைக்கும் ஊற்றினார்.

மழை வாளி ஜன்னலோரச் செடிக்கு என்று எடுத்துக்கொண்டார். மனைவிக்கு மழைநீர் பிடித்துவைக்கும் பழக்கம் உண்டா என்று ஒரு நிமிடம் யோசித்தார். தெரியவில்லை. தெரியாதவை இப்படி நிறைய இருந்தன.

பத்து நாளில் கடல் தீர்ந்தது. உப்பு மூட்டையில் குறிப்பு ஒட்டியிருந்தது: ஒரு வாளிக்கு எழுநூறு கிராம், வடிகட்டித் தண்ணீரில். தராசை எடுத்து எழுநூறு கிராமே நிறுத்தார், எழுநூற்றொன்று இல்லை. சமையலறைக் குழாயில் மனைவி மாட்டியிருந்த வடிகட்டியில் வாளியை நிரப்பினார். கரைத்தார். ஊற்றினார். இந்த வேலையை இத்தனை துல்லியமாக, இத்தனை தவறாக, வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. துடைத்தார். மறுநாளும் தட்டியது. பவளம் விரல்களை மடக்கிக்கொண்டது. தூங்குகிறது என்று நினைத்தார். இருபத்து மூன்றாம் நாள் டாக்டர் பாறைக்கு அடியில் மல்லாந்து கிடந்தது. குச்சியார் அதை எடுத்து, கிடங்கில் மாதிரி எடுக்கும் சின்னக் குப்பியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். குப்பியைக் கழுவித் திருப்பவேண்டுமே என்பது மட்டும் மனதில் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்: "எல்லாம் எப்படி இருக்கு?"

"கோட்டுல இருக்கு" என்றார். அது பொய்யில்லை.

முப்பதாம் நாள் சனிக்கிழமை. இரண்டு நாளாக வடிகட்டியில் சொட்டுக்கூட விழவில்லை. உப்பும் தீர்ந்தது. மேடம் தொட்டியின் மூலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. சின்னது அதன் பக்கத்தில் போய்ப்போய் நின்றது. குச்சியார் ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார். எங்கே போனாலும் மாதிரி எடுத்துப் போவது தொழில் பழக்கம்.

மீன்கடைக்காரர் மனைவியைத் தெரிந்தவர். அதற்கான முகத்தை ஒரு கணம் வைத்துக்கொண்டு, உப்பு வேண்டும் என்று கேட்டதும் வியாபார முகத்துக்குத் திரும்பினார்.

"போன மாசம்தானே மேடம் ரெண்டு கிலோ மூட்டை வாங்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள தீந்துடுச்சா? உப்ப என்ன பண்றீங்க சார், கருவாடு போடறீங்களா?"

"ஆவியாப் போறதுக்கு ஈடு ஊத்தறேன்."

"எதை ஊத்தறீங்க?"

"கடல."

கடைக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். குப்பியை வாங்கி, ஒரு சொட்டை ஒரு சின்னக் குழல் மாதிரிக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உப்பு முப்பத்தஞ்சு இருக்கணும். நாப்பத்தஞ்சு காட்டுது. இது கடல் இல்ல சார், ஊறுகா ஜாடி."

"கோட்டுலதான் வெச்சிருக்கேன்."

"கோடு தண்ணிக்குத்தான் சார். உப்புக்கு ஏது கோடு? ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்கயும் போகாது, உள்ளேயேதான் உக்காந்திருக்கும். நீங்க தினம் மேல மேல உப்பு போட்டிருக்கீங்க."

"பெட்ரோல் போனா பெட்ரோல்தான் போகும்."

"பெட்ரோல்ல போகும். கடல்லேர்ந்து உப்பும் சேந்து மேல போச்சுன்னா மழை கரிக்கணுமே? கரிக்குதா?"

குச்சியார் அங்கேயே நின்றார். பின்னால் ஒருவர் மீன்தீனி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மூலையில் மூடிபோட்டு நின்ற இரண்டாவது வாளி அவர் கண்முன்னால் வந்தது. அதன்மேல் நீலப் பேனாவில், ழ-வுக்கு வால் நீட்டி எழுதிய இரண்டெழுத்து. கடலிலிருந்து எடுத்ததைக் கடலுக்கு எது திருப்பித் தருகிறதோ அதைத்தான் மனைவி எழுதி வைத்திருந்தார். அதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது?

"மழைன்னு ஒரு வாளி இருந்துச்சு" என்றார்.

"அதேதான்! அதை என்ன பண்ணீங்க?"

"செடிக்கு ஊத்திட்டேன்."

"செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொள்ள ஓங்கிய கையை, ஆளின் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வதற்குப் பயன்படுத்தினார். செய்யவேண்டியதைச் சொன்னார். தொட்டியிலிருந்து தினமும் நாலைந்து லிட்டர் எடுத்துக் கொட்டவேண்டும். அதற்கும் ஆவியானதற்கும் சேர்த்துச் சுத்தத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஒரே நாளில் ஊற்றினால் இருப்பதும் போய்விடும். பத்து நாளாவது ஆகும். வடிகட்டிக்குப் புது உருளை புதன்கிழமை வரும். அதுவரை பேட்டரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கலாம்.

"ஆனா இன்னைக்கே ஆரம்பிங்க. அந்தப் பெரிய மீன் நாளன்னைக்கு வரைக்கும் காத்திருக்காது."

பேட்டரிக் கடை மத்தியானத்தோடு மூடியிருந்தது. திங்கட்கிழமைதான் திறக்கும் என்று பலகை சொன்னது. குச்சியார் பலகையை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது தரைத்தளத்தில், வாட்ச்மேன் நாற்காலிக்கு எதிர்க் கதவில், புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. அந்த வீட்டில் துணி தைக்கும் பெண்மணி, எல்லோருக்கும் தையலக்கா, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த இஸ்திரிப் பெட்டி நீராவியில் ஓடுவது. பக்கத்தில் மேசைக்கு அடியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று. அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைக் குச்சியார் வாசலில் நின்றபடியே படித்தார்: காய்ச்சி வடித்த நீர்.

கதவைத் தட்டினார். தையலக்கா நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த பெட்டியைச் சட்டைமேல் வைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ன சார்?"

"கொஞ்சம் தண்ணி வேணும். அந்தத் தண்ணி."

"இதுவா? இது குடிக்கற தண்ணி இல்லையே." குரலைத் தாழ்த்தினார். "ஆவிக்கா?"

"ஆமா" என்றார் குச்சியார். "ஆவியால வந்ததுதான்."

தையலக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, வெளியே நாற்காலியிலிருந்து வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா" என்றார் அவர் வெளியிலிருந்து.

"நீ சும்மா இருண்ணே" என்றார் தையலக்கா. "சார், உங்க வீட்டு அக்கா நல்ல மனுஷி. என் ஊசி டப்பாவுக்கெல்லாம் எண் எழுதி ஒட்டிக் குடுத்தவங்க. அவங்க எதுக்கு இப்படி…"

"மீனுக்குங்க" என்றார் குச்சியார். "அவ மீனுக்கு. நான் உப்பு அதிகமாப் போட்டுட்டேன்."

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது. தையலக்கா அதைத் தாங்கியில் வைத்துவிட்டு, குனிந்து கேனை இழுத்தார். பிரிக்காத கேன்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் குடுத்துடணும். அஞ்சு லிட்டர், இதே தண்ணி. குழாத் தண்ணி ஊத்தினா என் பெட்டி இருமும். ஒருதடவை கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுல துப்பிடுச்சு."

"குடுத்துடறேன்" என்றார் குச்சியார்.

அன்று மாலை மூன்று லிட்டர் எடுத்து ஐந்து லிட்டர் ஊற்றினார். மேடம் சாய்ந்தே மிதந்தது. ஞாயிறன்று ஊற்ற எதுவும் இல்லை. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். மீன்கள் அவரைப் பார்த்தன, அல்லது கண்ணாடியைப் பார்த்தன. திங்களன்று பேட்டரிக் கடை திறக்கும்முன்பே போய் நின்றார். புதனன்று வடிகட்டிக்குப் புது உருளை வந்தது. அந்த வாரத்தின் முடிவில் மேடம் நிமிர்ந்து நீந்தியது. சின்னதைத் துரத்தி ஒரு கடி கடித்தது. நல்ல அறிகுறி என்றார் கடைக்காரர். பவளத்தின் எட்டு விரல்களில் இரண்டு மட்டும் பாதி நீண்டன. மிச்சம் ஆறைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, தொட்டியை இடம் மாற்றினால் நிச்சயம் சொல்லிவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதற்கிடையில் வதந்தியைத் திருத்தும் முயற்சி ஒன்றும் நடந்தது. ஆவி என்றால் அந்த ஆவி இல்லை, நீராவி என்று வாட்ச்மேனுக்கு விளக்கப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அங்க ஆவியே இல்லைங்கறீங்க?"

"இருக்கு. தண்ணி ஆவியாகுது."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார்.

சொன்ன தேதியில் மகள் வந்தாள். வண்டி கீழே நின்றது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தாள். தண்ணீர் கோட்டில் நின்றது.

"டாக்டர் எங்கப்பா?"

குச்சியார் வாயைத் திறந்தார். பதில் அங்கே தயாராக இருந்தது, முப்பத்தொரு வருடமாக இருப்பதுதான். மகளும் அதைத்தான் எதிர்பார்த்தவள் மாதிரி, உதட்டோரத்தில் பழைய பிஸ்கட் காலத்துச் சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆவிச்…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இல்ல. நான்தான். கடல் வாளிய ஊத்திட்டேன். தினமும். முப்பது நாள்."

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதன்மேல் இருந்த தேதியைப் படித்தாள். சமையலறைக்குப் போனாள். மூலையில் இரண்டு வாளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். குச்சியார் கூடத்திலேயே இருந்தார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள் மகள் திரும்பி வந்து. மூக்கு சிவந்திருந்தது. "கோடு மட்டும்தான் சொன்னேன்."

"அவ எழுதித்தான் வெச்சிருந்தா" என்றார் குச்சியார்.

வண்டிக்காரர் இரண்டு தடவை ஒலிப்பானை அடித்தார். இப்போது அசைத்தால் பவளம் தாங்காது என்று குச்சியார் சொன்னார், கடைக்காரர் சொன்னதை வைத்து. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றாள். போகும்போது ஜன்னலோரச் செடியைத் தொட்டுப் பார்த்து, "இது என்னப்பா இப்படிக் கொழுத்திருக்கு?" என்று கேட்டாள்.

"மழை" என்றார்.

ஆக, ஒப்படைப்பு நடக்கவில்லை. காலையில் எழுந்து இரண்டு லிட்டர் ஊற்றுகிற வேலை அவரிடமே இருக்கிறது. இப்போது சரியான வாளியிலிருந்து ஊற்றுகிறார். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் இருக்கேன் என்கிறார். டீயில் சர்க்கரை இன்னும் இரண்டு தடவை விழுகிறது.

தையலக்காவின் தண்ணீர் மட்டும் பாக்கி. அதை அவர் மறக்கவில்லை. வடிகட்டி ஓடத் தொடங்கிய மறுநாளே ஐந்து லிட்டர் பிடித்துக் கேனைக் கீழே எடுத்துப் போனார். தையலக்கா துணி வாங்கப் போயிருந்தார். திருப்பி மேலே கொண்டுவந்தார். மறுநாள் காலையில் தொட்டி கோட்டுக்குக் கீழே நின்றது, மழை வாளியில் போதுமான தண்ணீர் இல்லை. கேனிலிருந்து அரை லிட்டர் எடுத்து ஊற்றிவிட்டு, அப்படியே மூடி, வேலைக்குப் போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தையலக்கா கேனைத் தூக்கிப் பார்த்தார். துணியைக் கையால் தடவியே மீட்டர் சொல்லுகிறவர் அவர்.

"அஞ்சு குடுத்தேன். இது அஞ்சு இல்லையே சார்?"

"நாலரை."

"மீதி?"

குச்சியார் பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "ஆவி குடிச்சிருக்கும்க்கா. விடு."

"சரி விடுங்க சார்" என்றார் தையலக்காவும், கேனை மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டே. "ஆவின்னே எழுதிக்கோங்க. அரை லிட்டர்தானே."

"இல்லைங்க" என்றார் குச்சியார். "இது ஆவி இல்ல. நான் எடுத்தது. குடுத்துடறேன்."

இது நடந்து மூன்று வாரமாகிறது. தினமும் காலையில் அவர் ஒரு அரை லிட்டர் குப்பியை நிரப்பிக் கதவுக்குப் பக்கத்தில் வைக்கிறார். விசிறி என்னவோ காலையில் கொஞ்சம் வேகமாகவே சுழல்கிறது. கிளம்பும் முன்னால் கடைசியாக ஒருதடவை தொட்டியைப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்பது மாதிரித் தெரிகிறது. குப்பியை எடுத்து அதில் ஊற்றிவிடுகிறார். படியிறங்கி வருகிறவரைப் பார்த்ததும் தையலக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் ஊசியோடு, "அரை லிட்டர்" என்கிறார்.

"பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குச்சியார் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறார்.